இரண்டு நாள் காய்ந்த பாண்

சுவாமி, ஸ்டஃபிங் செய்வதற்குப் புதுப் பாண் ரொட்டி உதவாது. வாங்கிய அன்றே பிய்த்துப் போட்டால் பால் பட்டதும் களியாகிவிடும். இரண்டு நாளுக்கு முன்னமே வாங்கி, கையால் பிய்த்து, பெரிய தட்டில் பரப்பி, மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டுக் குசினி மேசையில் காயவிட வேண்டும். கத்தியால் வெட்டக் கூடாது. வெட்டின பாண் ஒரே அளவாக இருக்கும், கையால் பிய்த்ததில்தான் மூலைகளும் முனைகளும் வரும். அவைதான் ஓவனில் மொறுமொறுப்பாகும்.

இன்று புதன்கிழமை, மார்கழி இருபத்திமூன்று, நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள். இரண்டு பாணையும் பிய்த்துப் பரப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாதத்தில் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு வருகிற உங்களுக்கு எங்கள் எல்லோருடைய பாவத்தையும் கேட்க அரை மணித்தியாலம்தான் கிடைக்கிறது. பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைத்தாய்ச்சிகளையும் வயதுபோனவர்களையும் நினைத்து, இதுவரை சின்னப் பாவங்களை மட்டுமே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். இது கொஞ்சம் நீளமானது. அதனால் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றுகிற பியற்றிஸ். எண்பத்தைந்தில் என் தம்பி கிறிஸ்துராஜாவின் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக ஊரிலிருந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தேன். மூன்று பிள்ளைகளையும் குளிக்கவார்த்து, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போட்டு வளர்த்தேன். இரண்டாயிரத்தோராம் ஆண்டு அவர்கள் எல்லோரும் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே போன வீட்டில் எனக்கு அறை இருக்கவில்லை, அதில் யாருடைய பிழையும் இல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் குடும்பப் படம் அச்சடித்த கிறிஸ்மஸ் கார்ட் ஒன்று வரும். படத்தில் எல்லோரும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள்.

மிச்சம் பிடித்த காசில் இந்தச் சின்ன ஃப்ளாட்டை எடுத்துக்கொண்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை. அங்கே எனக்கு மேலே இருந்த மொய்ரா என்ற ஐரிஷ்காரிதான் ஸ்டஃபிங் பழக்கித் தந்தவள். வெண்காயமும் செலரியும் வெண்ணெயில் வாட வேண்டும், நிறம் மாறக் கூடாது, சேஜ் இலையைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று என் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லித் தந்தாள். அது வான்கோழியின் வயிற்றுக்குள் அடைக்கிற சாமான். நான் தனியாக வேகவைக்கத் தொடங்கியது தில்லையம்பலம் அண்ணைக்காக.

பெரிய தர்மம் செய்ய எனக்கு வசதியில்லை, சுவாமி. ஆனால் சின்ன உதவிகளில் எனக்கு நம்பிக்கை உண்டு. குளிரில் நிற்கிற ஒருவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர், பாசை தெரியாதவருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவற்றைத்தான் ஆண்டவர் கணக்கெடுப்பார் என்று எங்கள் அம்மா சொல்லி வளர்த்தா. இரண்டாயிரத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீதிவேலையால் மூடியிருந்த பஸ் தரிப்பில் அண்ணை நின்றார். முக்கால் மணித்தியாலமாக நிற்கிறாராம். நான் சரியான தரிப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் தொடக்கம்.

அவருக்கு அப்போது அறுபத்திரண்டு. ரூட்டிங்கில் ஒரு கடையில் காவல் வேலை. ஐந்து ஆண்களோடு ஒரு வீட்டில் ஒரு கட்டில். மனைவி இறந்துவிட்டா. ஒரே மகள் மாலினி, வன்னியில், இரண்டு பிள்ளைகளோடு. மருமகனும் இல்லை.

முதல் நத்தாருக்கு அவரைக் கூப்பிட்டபோது அவர் சுத்த சைவம் என்பது எனக்குத் தெரியாது. முட்டையும் தொடமாட்டார். வான்கோழி, கோழி நெய்யில் பொரித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவித்த கரட்டை மட்டும் எடுத்துச் சாப்பிட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றார். நத்தார் அன்று இங்கே பஸ்ஸும் ஓடாது, ட்ராமும் ஓடாது. ஒரு மணித்தியாலம் நடந்து வந்தவர், கரட்டோடு ஒரு மணித்தியாலம் திரும்ப நடந்து போனார். அந்தக் கவலையில் நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் ஸ்டஃபிங்கை மட்டும் தனியாக ஒரு தட்டில் வேகவைத்தேன். முட்டை இல்லை, இறைச்சித் தண்ணீர் இல்லை. பாலும் மரக்கறி அவித்த தண்ணீரும். மொய்ராவுக்குத் தெரியாமல் இரண்டு பச்சைமிளகாயும் ஒரு பிடி முந்திரிக் கஜுவும். அண்ணை முதல் வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் இதைக் கோழிக்குத் தீத்திப்போட்டு, பிறகு கோழியைத் தின்னுறான். விசரன், தங்கச்சி."

மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். நான் அவ்வளவு சிரித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வான்கோழி வந்ததேயில்லை. மொய்ரா கேட்டால், எதற்குள் அடைக்கப் போகிறாய் என்று கேலி செய்வாள்.

போன் விஷயமும் ஒரு சின்ன உதவிதான். அண்ணை வேலை செய்கிற கடை நிலக்கீழில், மொபைலுக்கு அங்கே சிக்னல் வராது. வீட்டுப் போனை அந்த ஐந்து பேரும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மாலினிக்கோ எப்போது போன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. யாரிடமாவது கெஞ்சி இரண்டு நிமிஷம் கதைப்பாள். என்னுடைய நம்பரைக் கொடுங்கோ, பள்ளிக்கூட வேலை முடிந்தால் நான் வீட்டில்தானே இருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அண்ணையின் கண் கலங்கிவிட்டது. மாலினி அந்த நம்பரைத் தானும் பாடமாக்கி, மூத்த பிள்ளை ஹம்சினிக்கும் பாடமாக்கிக் கொடுத்தாளாம். ஏதும் நடந்தால் இந்த நம்பரைச் சொல் என்று.

இனி நாள் பார்க்கிற விஷயத்தைச் சொல்ல வேண்டும். அண்ணையின் கோட்டுப் பைக்குள் எப்போதும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவர் கொழும்பில் இருந்தார். மனைவி நாள் பார்க்காமல் வெளிக்கிட்டு, போன இடத்தில் காய்ச்சலில் செத்துப்போனா. அதற்குப் பிறகு மாலினி, தகப்பன் நாள் பார்த்துச் சொல்லாமல் ஒரு ஊர் விட்டு ஒரு ஊர் போகமாட்டாள். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும், முடிந்தவரை, அவரைக் கேட்டுத்தான் போனாள். மற்ற ஆண்கள் நாளைக்கு மழை வருமா என்று பார்ப்பதுபோல, அண்ணை ஒவ்வொரு கிழமையும் மகளுக்கு நல்ல நாள் எது என்று பார்த்து வைத்திருப்பார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நமது திருச்சபையும் அதை அனுமதிப்பதில்லை.

போன வருஷம் இதே இருபத்திமூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை. நான் பாண் பிய்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மூன்று மணிபோல போன் அடித்தது. மாலினி. இரண்டு நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள் என்று வேகமாகச் சொன்னாள். ஒரு ஆள் சண்டைக்குள்ளிருந்து காட்டுப் பாதையால் சனங்களை வவுனியாப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறாராம், நம்பிக்கையான ஆளாம், அங்கிருந்து இந்தியாவுக்குப் போக வழி இருக்கிறதாம்.

"திங்கக்கிழமை வெளிக்கிடுறாராம் அன்ரி. நாள் எப்பிடியெண்டு அப்பாட்டைக் கேட்டு வையுங்கோ. அப்பா ஓம் எண்டால் பிள்ளையளோட வெளிக்கிடுவன். வெள்ளிக்கிழமை திருப்பி எடுக்கிறன்."

நான் சரி என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி அன்ரி?" என்று கேட்டாள். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அதையும் கேட்டாள்.

உடனே அண்ணையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வேலை முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருவார். ஆனால் நான் அவரை அறிந்தவள். மகளைப் பற்றி ஒரு செய்தி வந்தால் சாப்பாட்டைக் கைவிட்டுவிடுவார். தண்ணீரும் துளசியுமாக இருப்பார். வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தாலும் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பாணோ பிய்த்தாயிற்று. வெள்ளிக்கிழமைதானே அவள் திருப்பி எடுப்பாள், வியாழன் சாப்பிட்ட பிறகு சொன்னால் ஒன்றும் குறைந்துபோகாது என்று நினைத்தேன். அது நியாயமான நினைப்பு என்று இப்போதும் நினைக்கிறேன்.

நத்தார் அன்று பன்னிரண்டு மணிக்கு வந்தார். மூக்கும் காதும் சிவந்திருந்தன. எனக்கென்று முழங்காலில் போடுகிற கம்பளி உறை ஒன்று வாங்கி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, காற்றுக்கு ஆடுகிற என் குசினி யன்னலுக்குக் கடதாசி மடித்து அடைத்துவிட்டார். தட்டை நான் ஓவனிலிருந்து எடுத்தபோது மேலே பொன்னிறமாக வந்திருந்தது. நான்கு மூலையையும் அவருக்கென்று வெட்டி வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"அந்தப் பிள்ளை எடுத்தாளெண்டால் சொல்லுங்கோ தங்கச்சி, வாற திங்கக்கிழமை நல்ல நாள். ராகுகாலம் கழிய எங்கை வெளிக்கிட்டாலும் போய்ச் சேருவினம். இப்பிடி ஒரு நாள் கனகாலத்துக்குப் பிறகு வந்திருக்கு."

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திராது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"அவள் மட்டும் இந்தியாப் பக்கம் வந்திட்டாளெண்டால், இந்தச் சேக்கியூரிற்றிச் சட்டையைக் கழட்டிப்போட்டு அடுத்த பிளேனிலை திருச்சிக்குப் போயிடுவன். உங்கட பாணுக்குத்தான் அங்கை வழியில்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் மூன்றாவது தரம் போட்டேன். அதையும் சாப்பிட்டார். நாலு மணிக்கு இருட்டிவிட்டது, அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு, போயிட்டு வாறன் தங்கச்சி என்று சொல்லிப் போனார். யன்னலால் பார்த்தேன். வீதியில் ஒரு காரும் இல்லை. அவர் ஒருவர்தான் நடந்து போனார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாலினி எடுத்தாள். நான் மிச்ச ஸ்டஃபிங்கைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா நாள் பாத்தவர் பிள்ளை," என்று சொன்னேன். "திங்கக்கிழமை சரியில்லையாம். தை பிறக்கட்டுமாம்."

அந்த ஆள் இனி வருவாரோ தெரியாது என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, "அப்பா சொன்னால் சரி அன்ரி," என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லாய் இருக்கிறார், நேற்று வயிறாறச் சாப்பிட்டவர் என்று சொன்னேன். அவளுக்கு அது பெரிய சந்தோஷம். குரலில் தெரிந்தது. நான் சொன்னதில் அந்தப் பகுதி உண்மை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும், சுவாமி.

தட்டைக் கழுவி வைத்தேன். திங்கட்கிழமை அது பாட்டுக்கு வந்து போனது.

தை மாதம் நடுவில் இன்னொரு தடவை எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். அப்பா வேறு நாள் ஏதும் பார்த்தவரோ என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். அதுவும் பொய்யில்லை, அவர் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என உங்களிடம் சொல்லமாட்டேன். எல்லா வீட்டிலும் ரீவி இருந்தது. சனங்கள் இந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றார்கள், அண்ணையும் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றார். நான் ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். போலீஸ்காரருக்கும் கொடுத்தேன், அவர்களுக்கும் குளிர்தானே.

ஆடி மாதம் முகாமிலிருந்து ஒரு பெண் என் நம்பருக்கு எடுத்தாள். மாலினிக்குப் பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவளாம். பங்குனியில், கடற்கரையில், மாலினியும் சின்னவனும். ஹம்சினியை அன்றைக்குப் பிறகு காணவில்லை என்றாள். அண்ணைக்கு நான்தான் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, படிப்படியாகச் சொன்னேன். என்னைவிட அன்பாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

அவர் அழவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம், தங்கச்சி. திங்கக்கிழமை ஒண்டு இருந்தது. நான் பாத்து வைச்சிருந்தனான்."

லைன் கிடைத்திராது அண்ணை என்று சொன்னேன்.

துடக்கு, சாவுத் தீட்டு, என்று அவர் முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகவில்லை. கூட இருந்த ஆண்களுக்கும் அந்த வீட்டில் சங்கடம். என் வீட்டில் அப்படி ஒன்றும் பார்ப்பதில்லை, இங்கே வந்து இருங்கோ என்றேன். முன்னறையில் படுத்தார். முப்பத்தொரு நாளும் இரண்டு பேருக்குச் சமைத்தேன். காலையில் எழும்பினால் குசினியில் கேத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கும். சுவாமி, இருபத்திநாலு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். எனக்கு முன்னால் எழும்பி யாரும் கேத்தில் போட்டதில்லை. அந்த நாட்களுக்கு நான் ஒவ்வொரு இரவும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அது சரியா பிழையா என்று இதுவரை யோசிக்கவில்லை.

உங்களிடம் கேட்க நினைத்தது இதுதான். கத்தோலிக்கப் பெண் ஒருத்தி நல்ல நாள் கெட்ட நாள் சொல்வது முதலாம் கட்டளைக்கு விரோதமா? நான் அதை நம்பிச் சொல்லவில்லை. நம்பாமல் சொன்னால் பாவம் குறைவு என்று எனக்குப் படுகிறது. அதற்குரிய அபராதத்தைத் தந்தால் செய்துவிடுவேன். அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் போகிறார்கள், சுவாமி. ஒருவராவது இருக்கலாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்னால் வவுனியாப் பக்கத்தில் பிள்ளைகளைப் பராமரிக்கிற ஒரு இல்லத்திலிருந்து கன்னியாஸ்திரி ஒருவர் என்னை அழைத்தார். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, பல மாதம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது இந்த நம்பரை மட்டும் சொல்கிறதாம். ஹம்சினி. காலில் காயம் இருந்தது, ஆறிவிட்டது. தாத்தா வந்து கையெழுத்து வைத்தால் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கலாம் என்றார். வருஷம் முடிவதற்குள் யாரும் வராவிட்டால் தூரத்து இல்லம் ஒன்றுக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னார். மரியாதையான பெண். பிள்ளையிடம் போனைக் கொடுத்தார்.

அண்ணை நாளை மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வருவார். இப்போது நன்றாக மெலிந்துவிட்டார், இந்த ஒரு சாப்பாட்டையாவது நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் சொல்லிவிடுவேன். நிச்சயமாகச் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதத்தையும் இப்போது தபாலில் போடவில்லை. நத்தாருக்கு உங்களுக்கு நிறைய வேலை இருக்கும், தை மாதத் தமிழ்ப் பூசைக்கு வரும்போது கையில் தருகிறேன். பாணைத் தொட்டுப் பார்த்தேன். ஓரம் காய்ந்துவிட்டது, நடு இன்னும் ஈரம். ஒன்றும் அவசரப்படக் கூடாது.

அந்தப் பிள்ளை போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "அம்மப்பா நாள் பாத்திட்டாரோ, அன்ரி?"

பாத்தவர் குஞ்சு, தை பிறக்கட்டுமாம் என்று சொன்னேன். சரி அன்ரி என்றது. நல்ல பிள்ளை. தாயைப்போலச் சொல் கேட்கிற பிள்ளை.